கூடத்துப் பெட்டியைக் குப்பையில் இடுவதோ?

எர்ரகட்டாவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைக் கண்டவர் நம்முள் பலர். சாலையோரத்துத் தார்ப்பாயின்மேல் துருவேறிய தையல் எந்திரத்திற்கும் கால் ஒடிந்த நாற்காலிக்கும் இடையே, மூடியிழந்த குறுந்தகட்டுக் கருவி ஒன்றும் துணையிழந்த ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றும் கிடக்கக் காணலாம். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் சுமந்துவந்த செல்வம் அது. கூடத்தின் நடுவே நிறுத்தி, பூத்தையல் துணி போர்த்திப் பேணிய பொருள் இன்று பழைய இரும்பாக விலைபோகிறது. அதனை அங்கு அனுப்பியவர் யார்? பிறரல்லர், நாமே.

பழையன கழிவது இயல்பே என்று நன்னூலாரைச் சான்றுக்கு அழைப்போர் உண்டு. நன்னூலார் பேசியது இலக்கணத்தைப் பற்றி. நம் வீட்டுக் கூடத்தைப் பற்றியன்று. ஒரு கருவி போயிற்றே என்று நாமும் வருந்தவில்லை. அக்கருவியைச் சூழ்ந்து ஒரு குடும்பம் அமர்ந்த வழக்கம் போயிற்றே என்றுதான் வருந்துகிறோம்.

"எல்லாப் பாட்டும் கைபேசியிலேயே உள்ளனவே, பெட்டி எதற்கு?" என்பது முதல் வாதம். பாட்டு உள்ளது, அதன் முழு ஒலி உள்ளதா? பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் கூடி வகுத்த குறுந்தகட்டு முறை 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 12 செ.மீ. அகலத் தகட்டில் நொடிக்கு 44,100 முறை அளந்த ஒலி பதிந்திருக்கிறது. ஊசி உரசாமல் ஒளிக்கதிரே அதைப் படிப்பதால், கேட்கக் கேட்கத் தேய்வதில்லை. அவ்வொலி கூடத்துப் பெட்டியின் வழியே வரும்போது மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சில் அதிரும். தம்புராவின் சுருதி அறையை நிறைக்கும். கைபேசியின் விரல்நகம் அளவான ஒலிபெருக்கியில் தொப்பி ஏது? வலந்தலையின் சொட்டுச் சொட்டு ஓசை மட்டுமே எஞ்சும். 2005-இல் இளையராஜா புடாபெஸ்ட் இசைக்குழுவினரைக் கொண்டு திருவாசகத்திற்கு அமைத்த பேரிசையை அச்சிறு துளையில் கேட்பது, கோபுரத்தைச் சாவித்துளை வழியே காண்பது போன்றதே.

"என்றும் அழியாமல் வலையில் இருக்கும்" என்பது இரண்டாம் வாதம். இருக்குமா? 2023-இல் உரிம உடன்பாடு எட்டாதபோது ஜீ மியூசிக் நிறுவனத்தின் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து அகன்றன. 2024-இல் விங்க் மியூசிக் சேவையையே மூடுவதாக ஏர்டெல் அறிவித்தது. அங்கெல்லாம் நாம் உரிமையாளர் அல்லர், வாடகைக் குடியினர். ஊர்விட்டு ஊர்வந்து வாடகை வீடுகளின் இயல்பை நன்கறிந்த நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? அலமாரியில் உள்ள தகடு நம்முடையது. பாடியவர் யார், வயலின் யார், மிருதங்கம் யார், இராகம் எது என்று அதன் உறையைப் பிரித்து வாசிக்கவும் இயலும்.

எனினும் நம் வழக்கின் உயிர்நிலை இவ்விரண்டும் அன்று. ஹைதராபாத்தில் வளரும் நம் குழந்தைக்குப் பள்ளியில் ஆங்கிலம், தெருவில் தெலுங்கு, கடைவீதியில் தக்கனி. தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிக்க அறியாத பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்குத் தமிழ் செவிவழியே வரவேண்டும். வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்து, செவியால் பெறும் செல்வத்தைச் செல்வங்களுள் தலையாயதாக வைத்தார். அச்செல்வத்தை நம் கூடத்தில் ஊதியமின்றி வழங்கிய ஆசிரியர் அப்பெட்டியே. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். "பாட்டி, பேதை என்றால் என்ன?" என்று பேரன் கேட்பான். பாட்டி ஒன்று சொல்வார். தாத்தா அதை மறுப்பார். அடுக்களையிலிருந்து அம்மா மூன்றாவதொரு பொருள் உரைப்பாள். அந்தப் பூசலில் அச்சொல் குழந்தையின் உள்ளத்தில் வேரூன்றும். இன்று நால்வர் செவியிலும் நான்கு இயர்ஃபோன்கள். பேரன் கேட்கும் பாட்டு எதுவெனப் பாட்டி அறியார். பாட்டியிடம் கேட்கப் பேரனுக்கும் வினா இல்லை. ஒரே கூரையின்கீழ் நான்கு தனித்தீவுகள்! இதனையோ நாம் முன்னேற்றம் என்று போற்றுவது?

மறுபுறத்தில் வேறொரு கூட்டம் உண்டு, அவர்களையும் விடுவதற்கில்லை. ஜப்பானில் உருவான பழைய ஆம்பிளிஃபையரைப் பெருவிலை கொடுத்து வாங்கி, அதன் வெள்ளி முகத்தைத் துடைத்துத் துடைத்து அழகு பார்ப்பர். கம்பி இன்ன உலோகம் என்பர், பெட்டி இன்ன மரம் என்பர், குழந்தை கை நீட்டினால் "தொடாதே!" என்று சீறுவர். பாட்டைக் கேட்கக் கருவி என்பது போய், கருவியைக் கேட்கப் பாட்டு என்றாயிற்று. குப்பையில் எறிந்தவனும் கோயிலாக்கிப் பூட்டியவனும் செய்தது ஒன்றே. வீட்டில் இசை நின்றது.

கருவிகள் சாகாவரம் பெற்றவை என்று நாம் கூறவில்லை. தட்டு வெளிவர மறுத்தால் பெரும்பாலும் உள்ளிருக்கும் ரப்பர்ப் பட்டை தளர்ந்திருக்கும். பாட்டு துள்ளினால் வில்லையில் தூசு படிந்திருக்கலாம். ஆம்பிளிஃபையர் இரைந்தால் மின்தேக்கிகள் உலர்ந்திருக்கலாம். கோட்டியின் குஜராத்தி கல்லிக் கடைகளில் கேட்டால் இத்தகைய பல பாகங்கள் கிடைக்கும். ஒளிக்கதிர்ப் பகுதியே ஓய்ந்துவிட்டால், சில கருவிகளுக்கு மாற்று கிடைப்பது அரிது என்பதை ஒப்புக்கொள்வோம். அந்நிலையிலும் ஒலிபெருக்கிப் பெட்டிகள் உழைக்கும். கைபேசியையே ஒரு கம்பியால் அவற்றோடு இணைத்துக் கூடத்தில் பாடச் செய்யலாம். கைபேசி நம் பகையன்று. தனிமையே நம் பகை.

காலந்தாழ்த்தலாகாத கடமை ஒன்றும் உண்டு. நம் வீட்டு ஒலிநாடாக்களில் திருமணத்து நாதசுவரம் இருக்கிறது. மறைந்த ஆச்சியின் தாலாட்டு இருக்கிறது. தஞ்சையோ நெல்லையோ மணக்கும் அவர் பேச்சும் இருக்கிறது. உலக வலை முழுவதும் தேடினும் அவை கிட்டா. நாடா பூஞ்சை பிடிக்கும். வீட்டில் பதிந்த தகட்டின் சாயமும் நாளடைவில் மங்கும். ஓடும் டேப் கருவி ஒன்று கையிலிருக்கும்போதே அவற்றைக் கணினியில் படியெடுத்து, உறவினர் சிலரிடமும் பகிர்ந்து வைத்தல் வேண்டும். பெட்டியை எடைக்குப் போட்டபின் நாடாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே இம்மலரைக் கையிலேந்தும் குடும்பங்களை வேண்டுகிறோம். பரண்மேல் உள்ள பெட்டியை இறக்குங்கள், தூசு தட்டுங்கள், பழுது பாருங்கள். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், இயர்ஃபோன்களைக் கழற்றி வைத்து அனைவரும் கூடத்தில் அமருங்கள். பாட்டைப் பெரியவர் ஒருவாரமும் சிறியவர் மறுவாரமும் தெரிவு செய்யட்டும். இடையில் குழந்தை ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் பாட்டை நிறுத்திவிட்டு விடை சொல்லுங்கள். அந்தச் சொல்லை அடுத்த தலைமுறைக்குச் சேர்க்க இந்நகரில் நம்மையன்றி வேறு யார் இருக்கிறார்கள்?