சுவர் குடிக்கும் வெளிச்சம்



தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு வீட்டின் பின்புறம் ஒரு துண்டு மண்ணாவது இருந்தது. கீரை, கத்தரி, மிளகாய், ஓரத்தில் ஒரு முருங்கை. அடுக்குமாடி வீட்டுக்கு மாறிய பிறகு அந்த மண் ஏது? என் அம்மாவும் அப்படித்தான் நான்காம் மாடிக்கு வந்து சேர்ந்தார். ஆனால் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சாமான் அறையில் ஒரு பலகையைப் போட்டு, மேலே எல்.இ.டி. குழல் விளக்கு ஒன்றை மாட்டச் சொல்லி, இரண்டு தட்டுகளில் வெந்தயக்கீரை விதைத்தார்.

விதை முளைத்தது. ஆனால் நாற்றுகள் நூல் போல் நீண்டு, வெளுத்து, பத்தாம் நாள் சாய்ந்து விழுந்தன. இரண்டாம் முறையும் அதே கதைதான். "என் கைராசி தோட்டத்தோடயே போச்சு பாப்பா" என்று சொல்லி, அம்மா தட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

குறை கையில் இல்லை, வெளிச்சத்தில் இருந்தது. வெளிச்சம் போதாத செடி, அதைத் தேடித் தேடித் தண்டை நீட்டும். எங்கள் விளக்கு கூரையோரம் தொங்கியது. அதன் வெளிச்சத்தில் ஒரு பங்குதான் இலைமேல் விழுந்தது. மிச்சமெல்லாம் சுவருக்குப் போயிற்று. சுவரோ கரும்பச்சை! வந்ததை எல்லாம் குடித்துவிட்டுச் சும்மா நின்றது. நல்ல வெள்ளைச் சுவராக இருந்தால், தன்மேல் விழும் வெளிச்சத்தில் 100க்கு 80 பங்கையாவது திருப்பித் தரும். அலுமினியத் தாளும் ஏறக்குறைய அவ்வளவு தரும்.

இதை அறிந்ததும் நான் செய்த முதல் வேலை, அவசர வேலை. சமையலுக்கு வாங்கிய அலுமினியத் தாளை டேப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒரு மாதத்திற்குள் பின்னால் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடித்தது. ஒரு நாள் இரவு டேப் விட்டுப்போய், தாள் விளக்கின் வயர் இணைப்புமேல் சரிந்து விழுந்தது. மின்சாரப் பெட்டியின் விசை 'டப்' என்று விழுந்து வீடே இருண்டது. அந்த விசை மட்டும் வேலை செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்று வகுப்பில் பாடம் சொல்லிக் கொடுப்பவள் நான். வெட்கமாகிவிட்டது.

ஆகவே வாசகர்களே, இப்படிச் செய்து பாருங்கள்.

முதலில் விளக்கைத் தாழ்த்துங்கள். செடிக்கு மேலே ஒரு சாண் இடைவெளி போதும். இதற்குச் செலவே இல்லை.

அடுத்து, சுவருக்குப் பளபளப்பில்லாத வெள்ளைச் சாயம் அடியுங்கள். அது வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சீராகப் பரப்பும். பலருக்கு இதுவே போதும்.

வாடகை வீடு, சாயம் அடிக்க முடியாது என்பவர்கள், மெல்லிய ஒட்டுப்பலகையில் அலுமினியத் தாளை ஒட்டிக்கொள்ளலாம். வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துணியால் நீவிவிடுங்கள். கஞ்சிப் பசை வேண்டாம். கரப்பான் தேடி வரும். மினுங்கும் பக்கம் வெளியே இருக்கட்டும். மாறி ஒட்டிவிட்டாலும் கவலை வேண்டாம், வித்தியாசம் சொற்பம்தான்.

பலகையைச் சுவரோடு ஒட்டாமல், ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். பின்னால் ஒரு விரல் இடைவெளி இருந்தால் காற்று போய் வரும், பூஞ்சணம் பிடிக்காது. விளக்கு, வயர், பிளக் எதையும் தாள் தொடக்கூடாது. ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும். விளக்குக்குப் பக்கத்துச் சுவருக்கு வெள்ளைச் சாயம்தான் நல்லது. எந்த வேலைக்கும் முன்னால் மின்சாரத்தை அடைத்துவிடுங்கள். வாரம் ஒரு முறை தூசியைத் துடையுங்கள். தூசி படிந்த தாளும் வெளிச்சத்தைக் குடிக்கும்.

சாயம் காய்ந்த பிறகு மூன்றாம் முறை விதைத்தோம். அம்மா விதைக்க வரவில்லை. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை நாற்றுகள் குட்டையாக, பச்சையாக, நிமிர்ந்து நின்றன. ஏறத்தாழ மூன்று வாரத்தில் பருப்போடு சேர்த்துக் கூட்டு வைத்தோம். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "தோட்டத்துக் கீரை ருசி வராது பாப்பா" என்றார். மறுநாள் காலையில் பார்த்தால், கவிழ்த்து வைத்த தட்டுகளைக் கழுவி, வெந்தயத்தை ஊறப் போட்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் முதியவர் யாராவது "கைராசி போச்சு" என்று சொன்னால், ஒரு நிமிடம் அந்தச் சுவரின் நிறத்தைப் பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.