விருந்தாளியும் விளக்குமாறும்

நமது நாட்டில் விருந்தோம்பலின் பெருமையைப் பற்றிப் பேசாதவர்களைக் காண்பது அரிது. திருக்குறளில் ஒன்பதாவது அதிகாரம் முழுவதும் அதற்கென்றே ஒதுக்கப்பட்டு, பத்துக் குறளிலும் வீட்டுக்காரனுடைய கடமையே சொல்லப்பட்டிருக்கிறது. தைத்திரீய உபநிஷத்தோ இன்னும் ஒரு படி மேலே போய், வந்தவனைத் தெய்வமாகவே பாவிக்கும்படி உத்தரவு போட்டுவிட்டது. ஆனால் வந்தவன் தின்ற தட்டை யார் கழுவுவது, படுத்த படுக்கையை யார் மடிப்பது, குளித்த அறையை யார் தேய்ப்பது என்பதைப் பற்றி மாத்திரம் அந்த இரண்டு இடத்திலும் மூச்சுப் பேச்சில்லை. வந்தவன் தெய்வமாய்விட்டால் பிறகு அவன் எதற்காகத் தட்டைக் கழுவப் போகிறான்? குளிப்பாட்டுவதற்கும் படைப்பதற்கும் ஆள் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதானே தெய்வத்தின் உத்தியோகம்!

சென்ற கோடை விடுமுறையில் என் வீட்டிற்கு நெருங்கிய உறவினர் ஒருவர் மனைவி மக்களுடன் வந்து நான்கு நாள் தங்கினார். கெட்ட மனிதர் அல்ல. கை நிறைய மாம்பழத்தோடுதான் வந்தார். ஆனால் அந்த நான்கு நாளும் அவர் சாப்பிட்ட தட்டு, கை காயும் வரை அவர் முன்னாலேயே கிடக்கும். காப்பி குடித்த டம்ளர்கள் ஜன்னல் ஓரத்தில் எறும்பு மொய்த்துக்கொண்டு நிற்கும். ஈரத் துண்டு மெத்தையின் மேல்; பிள்ளைகள் தின்ற பிஸ்கோத்துத் தூள் போர்வைக்குள்; குளியலறைச் சாக்கடை வாயில் தலைமயிர். கக்கூஸில் தண்ணீர் ஊற்றாமல் வந்த சங்கதியை விவரித்து எழுத வேண்டியதில்லை. போகும்போது பஸ் நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, உங்க வீட்டு உபசாரம் வேற எங்கயும் வராது" என்றார். எனக்கும் தலை கனத்துத்தான் போயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டிற்குத் திரும்பி வந்து பார்த்தால், என் மனைவி மெத்தை உறைகளை உருவிப் போட்டுக்கொண்டு இடுப்பைப் பிடித்தபடி நின்றாள். பஸ் நிலையத்துப் பேச்சை நான் பெருமையாகச் சொன்னேன். அதற்கு அவள், "பேர் உங்களுக்கு, முதுகு வலி எனக்கு" என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டு உறைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் பதில் இல்லை. ஏனென்றால், அந்த நான்கு நாளில் நான் செய்த உபசாரமெல்லாம் "இன்னும் கொஞ்சம் போடு, இன்னும் கொஞ்சம் போடு" என்று அவளைப் பார்த்துச் சொன்னதுதான்.

இது என் வீட்டுச் சங்கதி மாத்திரமல்ல. 2024-ம் வருஷம் மத்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்கின்படி, வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரி 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிஷம். அந்த 88-ம்கூட வேலை செய்கிற ஆண்களை மாத்திரம் எண்ணிப் பார்த்த கணக்கு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பேர்வழிகள் அதில் சேரவே இல்லை. ஆகவே விருந்தாளி போட்டுவிட்டுப் போகும் குப்பை யார் தலையில் விழும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

பெரிய மனிதர்கள் வீட்டிலும் இப்படியே நடந்திருக்கிறது. 1898-ம் வருஷம் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் காந்தியார் வக்கீலாக இருந்த காலத்தில், அவருடைய குமாஸ்தாக்கள் அவர் வீட்டிலேயே தங்குவதுண்டு. அறைகளில் சாக்கடை வசதி இல்லாததால் இரவில் மூத்திரச் சட்டி வைப்பது வழக்கம். பழகின குமாஸ்தாக்கள் தங்கள் சட்டியைத் தாங்களே கழுவிக்கொள்வார்கள். பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர் ஒருவர் புதிதாக வந்தார். அவருடைய சட்டியைக் கழுவுவது வீட்டுக்காரர்களின் கடமை என்று காந்தியார் தீர்மானித்தார். கஸ்தூர்பா அழுதுகொண்டே சட்டியைத் தூக்கி வந்தார். செய்தால் மாத்திரம் போதாது, முகம் கோணாமலும் செய்ய வேண்டும் என்று கணவர் அதட்ட, சண்டை முற்றி, மனைவியின் கையைப் பிடித்து வாசல் வரை இழுத்துக்கொண்டு போய் வெளியே தள்ளப் பார்த்தார். பிறகு வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தினார். இதெல்லாம் வேறு யாரோ கட்டிவிட்ட கதையல்ல. சத்திய சோதனையில் அவரே எழுதியிருப்பது.

காந்தியாரும் தம் கையால் சட்டி கழுவினவர்தான். நம்மவர்களைப் போல வாயால் உபசாரம் செய்தவரல்ல. அந்த அம்மையாரின் அழுகையில் ஜாதி எண்ணமும் கலந்திருந்தது என்றால் அதை நாம் ஆதரிக்கப் போவதில்லை. நமது கேள்வி வேறு. புதிதாக வந்தவருக்குப் படுக்கும் இடத்தையும் சாப்பிடும் இடத்தையும் காட்டிய வீட்டுக்காரர், சட்டி கழுவும் இடத்தையும் அன்றைக்கே காட்டியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? பழையவர்கள் செய்ததையே புதியவரும் செய்திருப்பார். கணவர் தம் கொள்கைக்கு மனைவியின் சிரித்த முகத்தையும் கப்பமாகக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

"வந்தவரிடம் அப்படிச் சொன்னால் அவமரியாதை ஆகாதா?" என்று கேட்பார்கள். ஆகத்தான் செய்யும், ஏன் ஆகிறது என்றுதான் யோசிக்க வேண்டும். நமது நாட்டில் "உன் பாத்திரத்தை நீயே கழுவு" என்ற சொல் யாருக்குச் சொல்லப்பட்டது? டீக்கடையில் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவனுக்குத் தனிக் குவளை வைத்து, அவனே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டுமென்று வைத்தார்கள். 1955-ம் வருஷம் சட்டம் வந்த பின்னும் அந்த வழக்கம் ஒரேயடியாக மாய்ந்துவிடவில்லை. ஆதலால் கழுவச் சொன்னால் தன்னைக் கீழ்ஜாதி ஆக்கிவிட்டார்கள் என்று விருந்தாளிக்குப் பொத்துக்கொண்டு வருகிறது. அவனுக்குக் கை வலிப்பதில்லை, ஜாதி வலிக்கிறது. வீட்டுக்காரனும் உட்கார்ந்த இடத்திலிருந்துகொண்டு விருந்தாளியை மாத்திரம் கழுவச் சொன்னால் அது அவமானமாகவே இருக்கும். வீட்டுக்காரன் முதலில் எழுந்து தன் தட்டைக் கழுவினால் அதில் அவமானத்திற்கு இடம் ஏது?

நமது தோழர்களும் இதற்கு விலக்கல்ல. மேடையில் இரண்டு மணி நேரம் பெண் விடுதலை பேசிவிட்டு வந்து, தங்கின வீட்டில் எச்சில் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்த பேச்சாளரையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டு அம்மாள் மறுமுறை கூட்டத்திற்கு வரவில்லை.

பொங்கலுக்கு என் சின்னம்மா மகன் வந்தான். சாப்பிட்டு முடிந்ததும் நான் எழுந்து என் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். என் பையனும் கழுவினான். "தம்பி, தட்டுக் கழுவற இடம் இதுதான். குளிச்சதும் தண்ணியை இந்தக் கட்டையால தள்ளி விட்டுரு. விளக்குமாறு கதவுக்குப் பின்னாடி இருக்கு" என்றேன். பையன் சிரித்துக்கொண்டே செய்தான். மூன்று நாளும் செய்தான். கோபம் வந்தது சின்னம்மாவுக்குத்தான். ஆண் பிள்ளையைத் தட்டுக் கழுவ வைத்துவிட்டேன் என்று மூன்று மாதம் என்னோடு பேச்சில்லை.

போன வாரம் டெலிபோனில் கூப்பிட்டார்கள். தம்பிக்குக் கல்யாணமாம், நாங்கள் இரண்டு நாள் முன்னதாகவே வந்து தங்க வேண்டுமாம். கடைசியில், "வரும்போது உன் விளக்குமாத்தையும் எடுத்துக்கிட்டு வா" என்று ஒரு குத்தலும் விட்டார்கள். "சரிங்க சின்னம்மா" என்றேன். எடுத்துக்கொண்டு போவதாகத்தான் இருக்கிறேன்.