வாள் யாருது பாஸ்?

வேலூர் கோட்டைக்குள்ள திப்பு மஹால் இருக்கே, பார்த்திருக்கீங்களா? 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்பு சுல்தான் குடும்பத்தை ஆங்கிலேயர்கள் அடைச்சு வெச்சது இந்தக் கோட்டையிலதான். 1806 சிப்பாய் புரட்சிக்கு அப்புறம் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிட்டாங்க.

குடும்பம் வேலூருக்கு வந்தாச்சு. படுக்கையறையில் இருந்த வாள்? தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய டேவிட் பேர்டுக்குப் பரிசாப் போச்சு. 2023 மே மாசம் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் அதோட விலை 1.4 கோடி பவுண்ட். நம்ம காசுல 140 கோடிக்கு மேல!

மேட்டர் இனிமேதான். 16-ம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஜெர்மன் வாள்களை மாடலா வெச்சு இங்கேயே அடிச்ச வாள் அது. கைப்பிடி முழுக்கத் தங்க வேலைப்பாடு. வெச்சிருந்தவர் பேர் உலகத்துக்கே தெரியும். பரிசா வாங்கினவர் பேரும் தெரியும். செஞ்சவங்க? ‘முகலாய வாள் கொல்லர்கள்’... ஏலக் குறிப்பில் அவ்வளவுதான்!

பழைய கதைன்னு விட்டுடாதீங்க. வேலூர்ல பஸ் ஏறி ஆம்பூர்ல இறங்குங்க. வெளிநாட்டு பிராண்டுக்காக இங்கே ஷூ தைக்கிறாங்க, அதில் பெரும்பாலும் பெண்கள். ஷூ கப்பல் ஏறுது. உள்ளே பிராண்ட் பேர் மட்டும்தான்.

நாளைக்கு இன்ஜினீயரா ஏதாவது ஃபேக்டரிக்குள்ள போவீங்க இல்லையா? மெஷின் பேரைக் கேட்கறதுக்கு முன்னாடி, அதை ஓட்டுற அக்காவோட பேரைக் கேளுங்க ஃப்ரெண்ட்ஸ்!