தாயின் மருந்துச் சீட்டும் ஊருக்குப் போகட்டும்

புனே ஸ்டேஷனில் தெற்கே போகும் வண்டி புறப்படும் வேளையில், பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் கர்ப்பிணிகளைப் பார்க்கிறேன். வளையல், புடவை, பலகாரம் எல்லாம் கூடப் போகும். இங்கே வைத்தியம் பார்த்த சீட்டு மட்டும் கட்கியிலோ தேஹு ரோட்டிலோ டிரங்குப் பெட்டியில் தங்கிவிடும்.

இது சிறு விஷயமல்ல. உடலைக் காக்க வேண்டிய சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ், ஷோகிரன் போன்ற நோயுள்ள தாய்மார் பலரின் ரத்தத்தில் 'ரோ', 'லா' எனும் எதிர்ப்பொருள்கள் இருக்கும். அவை நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைகின்றன. சில குழந்தைகளுக்குத் தோலில் தடிப்பும், ஈரல் கோளாறும், இதயத் துடிப்பில் தடையும் வருகின்றன. 1954-லேயே மருத்துவர்கள் எழுதி வைத்த நோய் இது.

ஈரல் கோளாறு பெரும்பாலும் சில மாதங்களில் தானே தணிந்துவிடும். அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகும். இதயத் துடிப்பு முழுதும் தடைப்பட்டாலோ அது மாறாது, பேஸ்மேக்கர் தேவைப்படலாம். கர்ப்பத்தின் ஐந்தாவது, ஆறாவது மாதங்களிலேயே அதை ஸ்கேனில் கவனிக்கலாம். ஆனால் தாயின் நோயே தெரியாத ஊர் டாக்டர் எதைத் தேடுவார்?

பிள்ளைக்கு மஞ்சள் கண்டால், "வெயிலில் காட்டு" என்பார்கள் நம் பெரியவர்கள். இந்த நோயுள்ள பிள்ளைக்கு வெயில் பட்டால் தடிப்பு அதிகமாகும். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நீடித்தாலோ, மலம் சுண்ணாம்பு போல் வெளுத்தாலோ, கீழாநெல்லியைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பித்தக் குழாய் அடைப்பாலும் மலம் வெளுக்கும். அதற்கான ஆபரேஷனை இரண்டு மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

கர்ப்பத்துக்கு ஆகாதென்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது இன்னொரு தவறு. லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மாத்திரையைக் கர்ப்பத்திலும் தொடரவே டாக்டர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். முன் குழந்தைக்கு இதயத் தடை வந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு அந்த ஆபத்தையும் அது குறைக்கிறது. எதை நிறுத்துவது என்பதை டாக்டரே சொல்லட்டும்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, "உன் வியாதியைப் பிள்ளைக்குக் கொடுத்தாய்" என்று மருமகளை ஏசுவது. குழந்தைக்கு நோய் கண்ட பிறகே தம் ரத்தத்தில் இது இருப்பதை அறிந்த தாய்மார் பலர். இதில் அவள் குற்றம் என்ன இருக்கிறது?

மூட்டுவலி, முகத்தில் தடிப்பு, கண்ணும் வாயும் வறண்டு போவது, முன்பு கண்ட கருச்சிதைவு ஆகியவற்றை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். டிக்கெட்டை வைக்கும் பையிலேயே சீட்டையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் வையுங்கள். அதை எடுத்து வைப்பது கணவன் பொறுப்பு. பிளாட்பாரத்தில் நின்று கையசைப்பதோடு அவன் கடமை முடிந்துவிடவில்லை.