முன் சக்கரம் போன தடத்துல பின் சக்கரமும் போகணும்

லீவுக்கு ஜீப்பை எடுத்துக்கிட்டு கிராமத்துப் பக்கம் வர்ற தம்பிங்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய டயர் போடுறது உங்க இஷ்டம். ஆனா வேற வண்டி ஆக்சிலை ஒரு பக்கம் மட்டும் மாத்தி, முன்னாடி ஒரு அகலம் பின்னாடி ஒரு அகலம்னு ஓட்டுறது எனக்குச் சரியாப் படலை.

டிராக்டரைப் பாருங்க. பருத்திக் காட்டுல இடை உழவு ஓட்டணும்னா, முன் ஆக்சில் போல்ட்டைக் கழட்டி அகலத்தை மாத்துவோம். பின் சக்கர டிஸ்கைத் திருப்பிப் போடுவோம். ரெண்டும் வரிசைக்கு நடுவுல போகலேன்னா சக்கரம் செடி மேல ஏறிடும்.

சேத்துலயும் இதே கணக்குத்தான். முன் டயர் அமுக்கின தடத்துல பின் டயர் வந்தா இன்ஜினுக்கு இழுவை குறைவு. முன்பக்கம் 10 செ.மீ. அகலம் கூடுதல்னா, பின் டயர் பக்கத்துக்கு 5 செ.மீ. உள்ளே தள்ளிப் புதுசா சேத்தை வெட்டணும். பின்பக்கம் அகலம்னா இன்னும் மோசம். முன் சக்கரம் தாண்டின வாய்க்கால் கரையில பின் சக்கரம் இறங்கிடும். உங்களுக்கு வண்டி சாயும், எங்களுக்குக் கரை உடைஞ்சு பாய்ச்சல் தண்ணி போகும்.

ஸ்பேசர் போட்டுச் சமன் பண்ணலாம்பாங்க. சக்கரம் வெளியே தள்ளத் தள்ள பேரிங்குக்குத்தான் பாரம் கூடும். போதாததுக்கு, கம்பெனி குறிச்ச விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது.

கம்பெனி கொடுத்த ஆக்சிலோடயே வாங்க. கரை மேல ஏத்துறதுக்கு முன்னாடி இறங்கி ஒரு தடவை நடந்து பாருங்க. அது போதும்.