கம்பி வேலிக்குள் ஒரு நட்சத்திரம்
இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கா என்றால் சர்க்கரை ரேஷன், ஆயுதத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பெண்கள், கொல்லையில் போட்ட காய்கறிப் பாத்தி என்று பெருமையாகச் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு ஜன்னல். மகன் படையில் இருந்தால் வீட்டு ஜன்னலில் நீல நட்சத்திரக் கொடி தொங்கும். அவன் இறந்துவிட்டால் அது தங்க நட்சத்திரமாகும். அந்தக் கொடி முள்கம்பி வேலிக்குள்ளும் தொங்கியது. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவால் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர், கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறினார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களை அடைக்க முள்கம்பி முகாம்கள் தயாராகும்வரை ஆயிரக்கணக்கானோர் சாண்டா அனிட்டா குதிரைப் பந்தயத் திடலில் கிடந்தார்கள். பலருக்குக் கிடைத்தது குதிரை லாயம். (ஜெர்மனியும் எதிரி நாடுதான். அந்த வம்சாவளியினரை இப்படிக் கூண்டோடு வாரவில்லை.) பெற்றோரை அடைத்துவைத்த அதே முகாம்களிலிருந்து பிள்ளைகளைப் போருக்கும் எடுத்தார்கள். இதற்கு வெட்கமின்மை என்றுதான் பெயர். 1944 அக்டோபரில் பிரான்ஸின் வோஸ்ஜ் மலைக்காட்டில் ஜெர்மானியர் வளைத்துக்கொண்ட டெக்சாஸ் பட்டாலியனின் 211 பேரை மீட்டது, ஜப்பானிய அமெரிக்கர்களின் 442ஆவது படையணி. மீண்டவர்களைவிட, மீட்கப் போய்ச் செத்தும் காயப்பட்டும் விழுந்தவர்கள் அதிகம். முகாம்களில் அடைத்ததற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 1988இல். கூடவே தலைக்கு 20,000 டாலர், அதுவும் உயிரோடு மிஞ்சியிருந்தவர்களுக்கு மட்டும்.