இரசாயனப் பகுதியின் அறிவிப்புப் பலகை

முற்காலத்தில் கலாசாலைக்குப் புதிதாய் வந்த ஒருவர்க்கு இரசாயனப் பகுதி எங்குள்ளதென்று வழி சொல்ல வேண்டுவதில்லை. அழுகிய முட்டையின் நாற்றம் போன்ற ஒரு நாற்றமே அவரை நேரே அங்குக் கொண்டு சேர்க்கும். இக்காலத்தில் அந்நாற்றம் பெரிதும் குறைந்துவிட்டது. குறையாது நிற்பது அப்பகுதியின் வாயிலருகே தொங்கும் அறிவிப்புப் பலகையே. அதில் ஒட்டப்பெறும் தாள்களுக்குப் பஞ்சமில்லை. மேற்படிப்புக்குரிய நுழைவுப் பரீக்ஷை, கோடை விடுமுறைப் பயிற்சி, ஆராய்ச்சி மாணாக்கர்க்கு உபகாரச் சம்பளம் என்று தாளின்மேல் தாளாக அவை நிறைந்துள்ளன. இத்தனை வாய்ப்புகள் இருந்தும் அவற்றை அடைவோர் சிலரேயாதல் ஏன் என்பதையும், அதன் பொருட்டு நம் பழைய மாணவர் செய்யத்தக்கது யாது என்பதையும் பற்றி என் கருத்தைக் கூறத் துணிந்தேன்.

வாய்ப்புகள் மெய்யாகவே உள்ளன என்பதை முதலிற் சொல்லிவிடுகின்றேன். பி.எஸ்ஸி. வகுப்பில் இரசாயனம் பயிலும் மாணாக்கன் ஒருவன் ஜாம் என்னும் பரீக்ஷையில் நன்கு தேறுவானாயின், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் எம்.எஸ்ஸி. வகுப்பிற் சேர வழியுண்டு. அப்பரீக்ஷை பிப்ரவரி மாதத்தில் நடைபெறும். அதற்குரிய விண்ணப்பத்தையோ முந்திய ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே அனுப்பிவிடல் வேண்டும். இந்திய விஞ்ஞானப் பேரவைகள் மூன்று கூடி நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்தில் மாணாக்கரும் ஆசிரியரும் இரண்டு மாத காலம் தேர்ந்த விஞ்ஞானி ஒருவரிடம் இருந்து பணி செய்யலாம். எம்.எஸ்ஸி. பயின்றவர்க்கு நெட் பரீக்ஷை உண்டு. அதன் வழியாக இளநிலை ஆராய்ச்சி உதவி பெறுவோர்க்குரிய மாதத்தொகை 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. நம் தமிழ்நாட்டிலேயே சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும், காரைக்குடியில் மத்திய மின்இரசாயன ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. பின்னதற்கு அழகப்பச் செட்டியார் 15 இலட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் வழங்கினார். 1948-ல் அஸ்திவாரக்கல் நாட்டப்பெற்று, 1953-ல் அது திறக்கப்பெற்றது.

இவையனைத்தும் பலகையிற் காணக்கூடியனவே. தமையனோ தந்தையோ முன்பே இவ்வழியிற் சென்றிருக்கும் மாணாக்கன் அப்பலகையை நோக்க வேண்டுவதே இல்லை. செய்தி அவனை வீட்டிலேயே வந்தடைந்துவிடும். தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலைப் படியேறியவனோ, ஆங்கிலத்தில் நெருக்கி அச்சிட்ட அத்தாளைப் பத்து முறை வாசித்தாலும், அது தன்னைத்தான் அழைக்கின்றது என்று எண்ணுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் கலாசாலை ஒன்றுக்குப் பிரசங்கஞ் செய்யச் சென்றிருந்தேன். அங்கே இரசாயனப் பகுதியின் பலகையில் விடுமுறைப் பயிற்சியொன்றைக் குறித்த தாள் ஒட்டப்பட்டிருந்தது. விண்ணப்பிக்கும் கடைசி நாள் கழிந்து பதினொரு நாளாயிருந்தது. ஒட்டிய பசையின் ஈரமோ இன்னும் காயவில்லை. உடன்வந்த ஆசிரியர் நகைத்தார்; யானும் நகைத்தேன். பிரசங்கம் முடிந்தபின் ஒரு மாணாக்கி என்னிடம் வந்து, "ஐயா, இதே பயிற்சிக்குச் சென்ற ஆண்டு நான் தேர்ந்தெடுக்கப்பட்டேன், போகவில்லை" என்றாள். காரணம் வினவினேன். வழிச்செலவை முதலில் தாமே செலுத்திப் பின்னர்ப் பெற்றுக்கொள்ள வேண்டுமாம். செலுத்த வீட்டில் நாலாயிரம் ரூபாய் இல்லை. வடதேசத்து நகரத்துக்குத் தனியே அனுப்பத் தந்தையார்க்கு மனமும் இல்லை. அவ்விடுமுறையை அவள் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்து கழித்தாள். அதன்பின் அத்தாளைப் பற்றி யான் நகைத்தது எனக்கு மிகவும் நாணத்தைத் தந்தது.

இரசாயனப் பகுதி என்பது எப்பொழுது மாணாக்கர்க்கு வாய்ப்பளிக்கும் இடமாயிற்று? இதற்கு விடை தேட ஜெர்மனி தேசத்துக் கீசென் என்னும் சிறு நகரத்துக்குச் செல்லல் வேண்டும். 1824-ல் லீபிக் என்பவர் தம் இருபத்தோராம் வயதில் அங்கு ஆசிரியராய் அமர்ந்தார். அக்காலத்தில் பெரும்பாலும் ஆசிரியர் செய்து காட்டுவார்; மாணாக்கர் கண்டு திரும்புவர். லீபிக்கோ பழைய படைவீடொன்றின் காவலறையைச் சோதனைச்சாலையாக்கி, மாணாக்கரையே வேலை செய்யவிட்டார். 1831-ல் ஐந்து குமிழ்களையுடைய ஒரு சிறு கண்ணாடிக் கருவியை அவர் வெளியிட்டார். பகுத்தறிய வேண்டிய பொருளைத் தாமிர ஆக்ஸைடுடன் சேர்த்து எரிப்பர். அதிலெழும் நீராவியைக் கால்ஸியம் குளோரைடு உறிஞ்சிக்கொள்ளும். கரியமில வாயுவோ குமிழ்களிலுள்ள பொட்டாஸ் கரைசலில் அடங்கும். கருவியை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் அப்பொருளில் எவ்வளவு கரி உளதென்பது விளங்கிவிடும். அதுகாறும் பெருநிபுணர் சிலரே செய்யத்தக்கதாயிருந்த வேலை, கை பழகிய மாணாக்கன் எவனும் செய்யத்தக்கதாயிற்று. சட்டம் பயில வந்த ஹாப்மனும், சிற்பம் பயில வந்த கெகுலேயும் அங்கே இரசாயனத்துக்குத் திரும்பினர். ஹாப்மன் 1845-ல் லண்டனில் புதிய இரசாயனக் கலாசாலைக்குத் தலைவரானார். அவரிடம் பயின்ற பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞன் 1856-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்று, அது கைகூடாமல் ஊதாச் சாயத்தைக் கண்டெடுத்தான். (நம் மாணாக்கர் ஈஸ்டர் விடுமுறையை எங்ஙனம் கழிக்கின்றனர் என்று யான் இங்குக் கேட்கப்போவதில்லை.)

நம் தேசத்தில் இதற்கு நிகராகக் கூறத்தக்கது கல்கத்தாச் சர்வகலாசாலையின் இரசாயனப் பகுதி. பாலித், கோஷ் என்னும் வழக்கறிஞர் இருவர் ஈந்த பெருங்கொடையால் 1914-ல் அங்கு விஞ்ஞானக் கலாசாலை தொடங்கிற்று. பாலித் பெயரால் அமைந்த இரசாயன ஆசிரியர் பதவியை 1916-ல் பிரபுல்ல சந்திர ராய் ஏற்றார். எடின்பரோவில் டி.எஸ்ஸி. பட்டம் பெற்று வந்தும், 1889-ல் பிரஸிடென்ஸிக் கலாசாலையில் மாதம் 250 ரூபாய்க்கு அமர்ந்தவர் அவர். 1921-ல் தமக்கு அறுபது வயது நிரம்பியபொழுது, அதற்குமேல் சர்வகலாசாலையில் தாம் பெறக்கூடிய சம்பளம் முழுவதையும் இரசாயனப் பகுதிக்கே அளித்துவிட்டார். அப்பகுதியை விரிவாக்கவும், ஆராய்ச்சி மாணாக்கர் இருவர்க்கு உதவித்தொகை வழங்கவும் அப்பணம் பயன்பட்டது. 1936-ல் ஓய்வு பெறுமளவும் அவர் அவ்வாறே பணி செய்தார். அக்கலாசாலைக் கட்டடத்திலேயே ஓர் அறை அவர்க்கு வீடாயிருந்தது. அச்சர்வகலாசாலையிற் பயின்ற அசீமா சட்டர்ஜி 1944-ல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். இந்தியச் சர்வகலாசாலையில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே.

ராய் அவர்கள் அளித்தது மாணாக்கன் ஒருவன் உண்டு உறைந்து வேலை செய்வதற்கான பணம் என்பதை நோக்குக. நம் பழைய மாணவரும் கொடையிற் குறைந்தவரல்லர். ஆனால் நம்மவர் கொடை பெரும்பாலும் பொற்பதக்கமாகவே வருகின்றது. தந்தையார் பெயரால் ஒன்று, ஆசிரியர் பெயரால் ஒன்று, வகுப்பில் முதல்வனுக்கு ஒன்று. பதக்கம் பெறுபவன் முன்னரே முதல்வனாயினவன். அதனால் அவனுக்கு மகிழ்ச்சியுண்டு. புதிதாய் ஒரு வழி திறப்பதில்லை. தாலந்தை மண்ணிற் புதைத்து வைத்தவன் கதையை நம் ஆலயத்தில் அடிக்கடி கேட்கின்றோம். வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் பதக்கங்களை நினைக்குந்தோறும் அது என் நினைவுக்கு வருகின்றது. பரிசே கூடாதென்பது என் கட்சியன்று. ராய் அவர்களும் நாகார்ச்சுனர் பெயரால் ஒரு பரிசை ஏற்படுத்தினார். ஆயின் உதவித்தொகையை முதலில் வைத்துப் பரிசைப் பின்னர் வைத்தார். நாமோ பரிசோடு நின்றுவிடுகின்றோம்.

ஆதலின் யான் வேண்டுவது ஒரு வழிச்செலவு நிதி. விடுமுறைப் பயிற்சிக்கோ நுழைவுப் பரீக்ஷைக்கோ செல்லவேண்டிய மாணாக்கர்க்கு ரயில் சத்தத்தையும் விண்ணப்பக் கட்டணத்தையும் இந்நிதி முன்பணமாகக் கொடுக்கும். செலவைத் திருப்பித் தரும் பயிற்சிகளில், பெற்ற பணத்தை மாணாக்கர் நிதியிற் செலுத்துவர். அதே பணம் அடுத்தவர்க்கு உதவும். பெண்களுக்குத் துணை செல்லும் தாய்க்கோ தமையனுக்கோ ஆகும் சத்தத்தையும் கொடுத்தல் வேண்டும். இதனை வீண்செலவு என்பவர் ஒரு பெண்ணையேனும் வெளியூருக்கு அனுப்பிப் பார்த்தவரல்லர். வறுமைக்குச் சான்றிதழ் கேட்டல் ஆகாது. வகுப்பாசிரியர் சொல் போதும். சிலர் ஏமாற்றமாட்டார்களா எனின், மாட்டார்களென்று யான் உறுதி கூறேன். ஒருவன் ஏமாற்றினால் ஒரு ரயில் சீட்டுப் போயிற்று. நிதியே இல்லையெனின் போவது அதனினும் பெரிது.

பணத்தோடு பலகையையும் சிறிது திருத்தல் வேண்டும். கைப்பேசியில் எல்லாம் வந்துவிடுகின்றதே, பலகை எதற்கு என்று இளைஞர் கேட்கின்றனர். கைப்பேசியில் வருவதும் அதே ஆங்கிலத் தாளின் நிழற்படந்தான். நூறு செய்திகளுக்கிடையே அது ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். ஒவ்வோர் அறிவிப்பின் கீழும் ஆசிரியர் ஒருவர் தமிழில், இது யாருக்கு, கடைசி நாள் எது, யாரைக் காண்பது என்று எழுதினாற் போதும். மானிப்பாயிலிருந்த மிஷன் வைத்தியர் கிறீன் அவர்களின் முயற்சியால் கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் 1875-லேயே தமிழில் வெளிவந்தது. ஒரு நூல் முழுவதையும் தாங்கிய மொழி மூன்று வரிகளைத் தாங்காதா? பரீக்ஷை ஆங்கிலத்தில் நடைபெறுவது வேறு. அழைப்புத் தமிழில் இருப்பது வேறு. அதற்குமேல், தகுதியுள்ளவன் இவன் என்று கண்ட ஆசிரியர் அவனைப் பெயர் சொல்லி அழைத்துச் சொல்லிவிடுவாராயின் பலகையே வேண்டுவதில்லை. தயங்கி நிற்பவனை அப்படியழைத்து, விண்ணப்பம் எழுதும்வரை அருகிலிருந்த ஆசிரியர்கள் உளர். அவர்கள் பெயரை இங்கே எழுதினால் கோபிப்பார்கள்.

இவ்வாண்டு நடைபெறும் பழைய மாணவர் கூட்டத்தில் இந்நிதியைப் பிரேரேபிக்க எண்ணியுள்ளேன். இருபது பேர் ஐயாயிரம் ரூபாய் வீதம் கொடுத்தால் ஓர் இலட்சமாகும். தொடங்குவதற்கு அது போதும். என் பங்கைப் பகுதித் தலைவரிடம் சென்ற வாரமே ஒப்புவித்துவிட்டேன்; இரசீதும் பெற்றுக்கொண்டேன். எஞ்சிய பத்தொன்பது பேர் கூட்டத்துக்கு வரும்பொழுது சபைக்குள் நுழையுமுன் இரசாயனப் பகுதி வழியாய் ஒருமுறை நடந்து, அப்பலகையில் ஒட்டியுள்ள தாள்களின் தேதிகளைப் பார்த்து வருமாறு கேட்டுக்கொள்ளுகின்றேன்.